நெஞ்சுவலி என்று எழுதச் சொன்னார்கள்

புதன்கிழமை, காலை பதினோரு மணி

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். எல்லாக் கடிதத்திலும் முதல் வரியில் வரும் சொல்தானே என்று தாண்டிப் போய்விடாதே. இந்தக் கடிதத்தில் அதுதான் செய்தி. நான் ஆஸ்பத்திரியில் இல்லை. ஒரு நாள்கூட இருக்கவில்லை. நெஞ்சில் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, கையில் ஊசி ஏறவில்லை. நம் வீட்டுச் சமையலறை ஜன்னலோரத்தில் முக்காலியைப் போட்டு, காய் நறுக்கும் பலகையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊருக்கு வர நீ கேட்டிருக்கும் விடுப்பை முதலில் போய் ரத்து செய். மீதியை அப்புறம் படி.

செய்துவிட்டாயா? சரி. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை உன் வீட்டுக்காரன் என் போனை எடுத்துக்கொண்டு போனான். "சார்ஜ் நிக்கலைன்னு சொன்னியேம்மா, கடையில குடுத்துட்டு வரேன்" என்றான். சார்ஜ் நிற்கவில்லை என்று நான் சொன்னது போன வருஷம். இருந்தாலும் பிள்ளைக்கு அக்கறை வந்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் முன்னறையில் கூட்டம். உன் மாமா, உன் வீட்டுக்காரன், இரண்டு தெரு தள்ளி இருந்து வந்த உன் நாத்தனார், நான். நீ கிரேன் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டதாம். பயிற்சி முடிந்ததும் அந்தத் துறைமுகத்திலேயே வேலை கொடுத்து உன்னை நிறுத்திக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்களாம். "கிடங்குல சாமான் தூக்குற வண்டி ஓட்டினா, சரின்னு விட்டோம். இப்ப நாப்பது மீட்டர் உயரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு என்னத்த சாதிக்கப் போறா?" என்றார் மாமா. "ஒரு குழந்தையைப் பெத்திருந்தா இந்த ஆட்டமெல்லாம் அடங்கியிருக்கும்" என்றாள் உன் நாத்தனார். உன் வீட்டுக்காரன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஆறு மாசம்தானே, போய்ட்டு வா' என்று உன்னைப் பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான். அதை அங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

பேசிப் பேசிக் கடைசியில் என்னிடம் வந்தார்கள். அத்தை ஒரு கடிதம் எழுதட்டும், அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் வந்துவிடுவாள் என்றார்கள். எதற்குக் கடிதம், போன் போதாதா என்று கேட்டேன். "போனை வெச்சிடுவா. கையில வந்த லெட்டரை எங்க வெப்பா?" என்று மாமா சிரித்தார். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். அதைப் பார்த்தாலே உனக்கு மனம் இளகிவிடுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஆமாம், எழுதினேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னால் எழுதிப் பழகிய கை. காற்புள்ளியைக்கூட விடாமல் எழுதினேன். நாளைக்குத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தலைவலி மாத்திரை வாங்கக் கீழே இறங்கினேன். மருந்துக்கடை அம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எப்பங்க டிஸ்சார்ஜ் ஆனீங்க? இப்படிப் படியிறங்கி வரலாமா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவர்தான் சொன்னார். என் போனுக்குப் பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டு, நீ அவருடைய கடைக்கு அடித்தாயாம். அத்தைக்கு என்ன மருந்து எழுதியிருக்கிறார்கள், எந்த டாக்டர் பார்க்கிறார் என்று கேட்டு அழுதாயாம். "வெள்ளிக்கிழமை கிளம்பி வருதாம், திங்கக்கிழமை ஏதோ பரீட்சையாமே, அது போனாப் போகட்டும்னு சொல்லுதுங்க" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் என்னைக் கேட்பதற்கு முன்பே என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தாகிவிட்டது. உன் வீட்டுக்காரன் போனில் உனக்குச் சொன்ன பொய்க்குச் சாட்சியாகத்தான் என் கடிதம்.

அவர் போனை வாங்கி உனக்கு அடித்தேன். உன் போன் பயிற்சி நேரத்தில் பெட்டியில் பூட்டியிருக்கும் என்று தெரியும், இருந்தாலும் அடித்தேன். நீ எடுக்கவில்லை என்றதும் விடுதிக்கு அடித்தேன், வார்டன் எடுத்தார். 'அத்தை நலம், வர வேண்டாம்' என்று எழுதி உன் கதவில் ஒட்டுவதாகச் சொன்னார். ஒட்டியிருப்பார். ஆனால் நீ நம்பியிருக்க மாட்டாய். வர வேண்டாம் என்று எந்த நோயாளிதான் சொல்லவில்லை? அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். இவ்வளவு நீளத்துக்குத் திட்டி எழுதத் தெம்பிருப்பவள் படுத்த படுக்கையாக இருக்க முடியாது என்றாவது உனக்குப் படட்டும்.

மேலே வந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த என் பழைய சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக நான் பதினோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நானே எழுதிய கடிதத்தை மேசையில் விரித்து, அச்சுக்குப் போகும் தாளைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தேன். அதைச் செவ்வாய்க்கிழமை காலை, மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது எடுத்துப் படித்தேன். உன் நாத்தனாரும் வந்திருந்தாள், தபாலில் போட்டாயிற்றா என்று கேட்கத்தான்.

'எனக்கு நெஞ்சுவலி' என்ற இடத்தில், தகவல் பிழை, நீக்குக என்று எழுதியிருந்தேன். 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை' என்ற இடத்தில், பொருள் தெளிவில்லை: உன் வீட்டுக்காரன் தன் சட்டையைத் தானே துவைக்கிறான், அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று மாமாவுக்கு இப்போது தெரியும், இதில் எது வீடாக இல்லை? 'ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா' என்ற இடத்தில் கேள்விக்குறி விட்டுப்போயிருந்தது. போட்டேன். கேள்வி என்று ஆகிவிட்டதால் பக்கத்திலேயே பதிலும் எழுதினேன்: தேவை. 'உன் இடம் இங்கேதான்' என்ற வரிக்கு ஓரத்தில் 'அளந்தது யார்?' என்று மட்டும் கேட்டிருந்தேன். கடைசியில் 'உன் அன்பு அத்தை' என்பதை மட்டும் தொடவில்லை. அந்தத் தாளில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "எனக்கே பாடம் நடத்துறியா?" என்றார்.

"பாடம் இல்லீங்க, புரூஃப்" என்றேன்.

"இது வெளிய தெரிஞ்சா ஊர் என்ன சொல்லும்?"

"முப்பத்தொரு வருஷமா ஊர் எங்கிட்ட எதுவுமே சொன்னதில்லைங்க. அது சொன்னதையெல்லாம் நீங்கதான் வந்து சொன்னீங்க" என்றேன். இவ்வளவு நாள் உள்ளேயே கிடந்தது, வெளியே வந்துவிட்டது.

அது என்ன முப்பத்தொரு வருஷக் கணக்கு என்று நீ கேட்பாய். யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் அச்சகம் வேறு ஊரில் கிளை திறந்தது. மூன்று மாதம் அங்கே போய் தலைமைப் பிழை திருத்துநராக வேலை பார், சரியாக வந்தால் அந்தப் பதவி உனக்கே என்றார்கள். உன் நாத்தனாருக்கு ஐந்து வயது, உன் வீட்டுக்காரனுக்கு ஒன்றரை. என் மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாமாவும் தலையாட்டினார். போனேன். எனக்கென்று ஒரு மேசை, மேலே ஒரு விளக்கு, எனக்குக் கீழே நான்கு பேர். மூன்றாவது வாரம் மாமா பெயரில் தந்தி வந்தது. 'தாயார் கவலைக்கிடம். உடனே புறப்படு.' இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

வந்து பார்த்தால் கவலைக்கிடமான என் மாமியார் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கையில் பெட்டி, அவர் கையில் ஈரத்துணி. "வந்துட்டியா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைத்தான் பார்த்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாமாவையும் கேட்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். கிளைக்கு வேறு ஆள் போனார்.

கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் முந்தைய வருஷம் முதல் வகுப்புப் பாடநூல் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. 'அப்பா வந்தார். அம்மா வந்தாள்.' புத்தகம் முழுக்க அப்பாவுக்கு 'ஆர்', அம்மாவுக்கு 'ஆள்'. நான் எல்லா 'ஆள்'களையும் அடித்து 'ஆர்' ஆக்கினேன். மேலாளர் கூப்பிட்டார். "ஏம்மா, 'ஆர்' போடறது மரியாதைக்குரியவங்களுக்கு" என்றார். அப்படியென்றால் அம்மா என்று கேட்டேன். "அம்மா நம்ம ஆளும்மா" என்று சொல்லிச் சிரித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அத்தனையையும் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புதான் தந்தி வந்த அன்றும் என் வாயை அடைத்தது. அனுசரணையானவள், தங்கமானவள் என்று எனக்கு இந்த வீட்டில் கிடைத்த பட்டமெல்லாம் அந்த வாயடைப்புக்குக் கொடுத்த கூலி.

என் மாமியார்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'நான் நன்றாக இருக்கிறேன், வராதே' என்று எனக்கு எழுத அவருக்குத் தெரியவில்லை, அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எனக்கு எழுதத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருந்தால் அது என் பாவம்.

ஆகவே வராதே. திங்கட்கிழமை போய்ப் பரீட்சை எழுது. முப்பத்திரண்டு பேரில் நீ ஒருத்திதான் பெண் என்கிறாய். அந்த ஒருத்தியும் பாதியில் போனால், 'பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா இப்படித்தான்' என்று அடுத்து வருபவளுக்குக் கதவைச் சாத்துவார்கள். அவளுக்காக எழுது என்றும் நான் சொல்லமாட்டேன். எப்போது பார்த்தாலும் யாருக்காகவாவதுதான் நாம் எதையும் செய்ய வேண்டுமா? உனக்குப் பிடித்திருக்கிறது. அது போதும்.

இதை மருந்துக்கடை அம்மா தன் பெயரில் கூரியரில் அனுப்புகிறார். நாளைக்கே கிடைத்துவிடும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படி.

முழு ஆரோக்கியத்துடன்,
உன் அத்தை


ஞாயிற்றுக்கிழமை, மாலை

அன்பு மருமகளுக்கு,

நீ பாஸான செய்தியை மருந்துக்கடையிலிருந்து மாடி ஏறுவதற்குள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்குக் கிரேன் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கையை மேலே தூக்கிக் காட்டி விளக்கினேன். கிரேனை இறக்கியதும் கண்டெய்னரின் நாலு மூலைப் பூட்டும் முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்துவிட்டது, தேர்வாளர் உன்னிடம் மட்டும் திரும்பச் செய்து காட்டச் சொன்னார், இரண்டாவது தடவையும் உட்கார்ந்தது என்று நீ போனில் சொன்னாயே, அதை நான் சொல்லாத ஆள் இல்லை. உன்னிடம் மட்டும் ஏன் திரும்பக் கேட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

வீட்டுச் செய்தி. மாமா என்னிடம் பேசி இன்றோடு பன்னிரண்டு நாள். டீ வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல டீத்தூள் தீந்துபோச்சோ என்னமோ" என்கிறார். நானும் சுவரையே பார்த்து, "டப்பா ரெண்டாவது தட்டுல இருக்கு" என்கிறேன். முந்தாநாள் அவரே எழுந்து போட்டுக்கொண்டார். பழைய நாளாக இருந்தால் ஓடிப்போய் நான்தான் தப்பு செய்தேன் என்று சமாதானம் செய்திருப்பேன். செய்யவில்லை. அந்தத் தந்தியைப் பற்றி என்றாவது அவரே பேசுவார். பேசாமலும் போகலாம். பேசினால் கேட்கத் தயாராக இருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரன் போன வியாழக்கிழமை என் போனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். அது எந்தக் கடைக்கும் போகவில்லை, அவன் அலுவலக மேசைக்குள் கிடந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தான். "பயமா இருந்துச்சும்மா. அங்கயே பிடிச்சுப்போயி அவ திரும்பி வரமாட்டாளோன்னு" என்றான்.

"பயம்னா அவகிட்ட பயம்னு சொல்லணும். என் நெஞ்சை எதுக்குடா நடுவுல இழுத்தே?" என்று கேட்டேன். அழுதான். என் பிள்ளை, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துவிடவில்லை. துடைத்துக்கொள்ளக் கையிருக்கிறது அவனுக்கு.

வரும் சனிக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறான். உள்ளே விடுவதும் வாசலோடு அனுப்புவதும் உன் இஷ்டம். 'அவன் நல்லவன்தான், மன்னித்துவிடு' என்று மாமியார்கள் எழுதும் வரி ஒன்று உண்டு. அதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை வரவில்லை. அவன் நல்லவன்தானா என்று அவனே வந்து காட்டட்டும். என்னை நினைத்து நீ எதையும் விட்டுக்கொடுக்காதே. நீ அவனுடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் உனக்கு அத்தைதான். அந்த உறவை அவன் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று எனக்கு இல்லை.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம். உன் நாத்தனார்.

அன்று நான் சாப்பாட்டு மேசையில் படித்து முடித்ததும் மாமா வெளியே போனார், உன் வீட்டுக்காரன் வேலைக்குப் போனான். அவள் மட்டும் போகவில்லை. எச்சில் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள். "எனக்கு ஏம்மா நீ இப்படி ஒரு லெட்டர் எழுதலை?"

உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் அவள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் குடத்துத் தண்ணீரை மோந்து பார்த்தே குறை சொல்வாள். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். புகுந்த வீட்டில் முடியாது என்றார்கள். என்னிடம் வந்து அழுதாள். "குடும்பம்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகணும்" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். என்னைக் கட்டிப்போட்ட கயிற்றை நானே அவிழ்த்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன், நல்ல கயிறு என்று சொல்லி.

உன்னைப் பற்றி அவள் பேசிய பேச்செல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தான் இறங்கிய இடத்தில் நீ இறங்காமல் போகிறாயே என்ற ஆற்றாமை. அதற்காக அவள் பேசியது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

அவள் தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சில் போட்ட அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்குத் தபாலில். தபால்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு, "நடந்தே போயிருக்கலாமேம்மா" என்றாராம் அவளிடம். நடந்துபோய்ச் சொல்லக்கூடியதாக இருந்தால் பத்து வருஷத்துக்கு முன்பே போயிருப்பேனே.

ஒரு வாரம் சத்தமே இல்லை. எட்டாம் நாள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி, "ஒரு இடத்துல 'என்னை மன்னிச்சிடு'ன்னு எழுதி அடிச்சிருக்கே. ஏன் அடிச்சே?" என்றாள்.

"அதையும் உங்கிட்டயே கேட்டு வாங்கணுமான்னுதான். எல்லாத்தையும் நீயே குடுத்துக்கிட்டு இருக்கே" என்றேன்.

உள்ளே போனாள். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பரண்மேல் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த தன் சான்றிதழ்ப் பையை எட்டி எடுத்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பையின் தூசியைத் தட்டினாள், இருவருமே தும்மினோம். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி, "அவ பாஸாயிட்டாளா?" என்றாள். ஆமாம் என்றேன். "நம்பர் குடு" என்றாள். கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் எடு. எடுக்கத் தோன்றாவிட்டால் எடுக்காதே. அதையும் நான் சிபாரிசு செய்யவில்லை.

இன்னொரு சங்கதி. நீ என்னிடம் மறைத்ததை உன் வார்டன் சொல்லிவிட்டார். கிரேன் அடியில் பெண்களுக்குக் கழிவறை இல்லை, அதனால் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் மேலே ஏறுகிறாயாமே? துறைமுக நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'தயவுகூர்ந்து' என்ற சொல் எங்கும் கிடையாது. மூன்று தடவை திருத்தியாயிற்று, பிழை இருக்காது. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு. பதில் வராவிட்டால் சொல், இன்னொன்று எழுதுகிறேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, சிவப்புப் பென்சிலும் பாதிக்குமேல் இருக்கிறது.

தண்ணீர் குடி. நாள் முழுக்கக் குனிந்து கிரேன் கேபினின் கண்ணாடித் தரை வழியாகவே பார்ப்பதால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்றாய். மணிக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து தூரத்தில் கடலைப் பார்.

இரண்டு கடிதத்திலும் நீ எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா? கேட்டால் வந்துவிடுவாய். அதனால்தான் கேட்கவில்லை.

நல்லா இரு கண்ணு.

அத்தை